மகாராஷ்டிர வீடுகளுக்கு வரும் கணபதி ஒன்றரை நாளில் விடைபெறுவது ஏன்? எங்கே கரைப்பது என்ற கேள்வி எழுந்தது எப்படி?

மும்பை: விநாயகர் சதுர்த்தி என்றதும் மும்பை லால்பாக் பகுதியில் திரளும் கூட்டமும், கிர்காவ் கடற்கரைக்கு ஊர்வலமாகச் செல்லும் பிரமாண்டச் சிலைகளுமே தொலைக்காட்சித் திரைகளை நிறைக்கின்றன. ஆனால், மும்பையில் ஆண்டுதோறும் கரைக்கப்படும் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான சிலைகளில் மிகப் பெரும்பாலானவை ஓர் அடி, ஒன்றரை அடி உயரமே உள்ள வீட்டுச் சிலைகள்.

அந்த வீட்டுச் சிலைகளின் இறுதிப் பயணம்தான் இப்போது விவாதப் பொருளாகியுள்ளது. ஆறு அடி வரை உயரமுள்ள 'பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்' சிலைகளைச் செயற்கைக் குளங்களில் மட்டுமே கரைக்க வேண்டும் என்று மும்பை உயர் நீதிமன்றம் 2025 ஜூலை 24-ஆம் தேதி உத்தரவிட்டது. 2026 மார்ச் வரையிலான விழாக்களுக்கு என்று அந்த உத்தரவு பிறப்பிக்கப்பட்டது. வீட்டில் வைக்கும் சிலை எதுவும் ஆறு அடியை எட்டுவதில்லை. எனவே, பிளாஸ்டர் சிலை வாங்கிய குடும்பம் எதுவும் தலைமுறை தலைமுறையாகச் சென்று வந்த கடலுக்கோ ஆற்றுக்கோ அதை எடுத்துச் செல்ல இயலாத நிலை உருவானது.

ஒரு சிலையை எங்கே கரைப்பது என்பது வெளியிலிருந்து பார்ப்போருக்கு நகராட்சி நிர்வாகப் பிரச்னையாகத் தோன்றலாம். மகாராஷ்டிரக் குடும்பங்களுக்கு அது ஏன் அவ்வளவு முக்கியமாகிறது என்பதை அறிய, அந்த வீட்டுக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும்.

மண்ணாலான விருந்தாளி

சதுர்த்தியன்று வீடுகளில் நடைபெறும் வழிபாட்டுக்கு 'பார்த்திவ கணேச பூஜை' என்று பெயர். பிருத்வி, அதாவது மண்ணிலிருந்து உருவானது எதுவோ அது பார்த்திவம். கோயில் மூர்த்தியைப் போன்றோ, பூஜை அறையில் ஆண்டு முழுவதும் இருக்கும் வெள்ளி, பித்தளைப் பிள்ளையாரைப் போன்றோ இது நிலையானதன்று. மண்ணெடுத்து, உருவம் சமைத்து, அதில் எழுந்தருளச் செய்து, பூஜித்து, விடை கொடுத்து, மீண்டும் மண்ணாகவே நீரில் சேர்க்க வேண்டும். கரைப்பது விழா முடிந்த பின் செய்யும் அப்புறப்படுத்தும் வேலை அல்ல. வழிபாட்டின் கடைசி அங்கமே அதுதான். தமிழகத்தில் களிமண் பிள்ளையாரை வாங்கிக் குடை வைத்துப் பூஜித்துவிட்டுக் கிணற்றிலோ குளத்திலோ விடும் வழக்கமும் இதே மரபைச் சேர்ந்ததே.

மராத்தியர்கள் இந்தக் கணபதியை 'பாஹுணா', அதாவது விருந்தாளி என்றே குறிப்பிடுகின்றனர். விருந்தாளி எத்தனை நாள் தங்குவார் என்பது குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும். ஒன்றரை நாள், ஐந்து நாள், ஏழு நாள், அனந்த சதுர்த்தசி வரையிலான பத்து நாள் ஆகியவை வழக்கமான கணக்குகள். பூஜை விதியைப் பொறுத்தவரை ஒரு நாள் வழிபாடே போதுமானது. அதற்கு மேற்பட்ட நாள்கள் எல்லாம் குலவழக்கத்தாலோ, எப்போதோ ஒரு முன்னோர் செய்துகொண்ட வேண்டுதலாலோ வந்தவை. ஒரு முறை ஏற்றுக்கொண்ட கணக்கைக் குறைக்கக் குடும்பங்கள் பெரிதும் தயங்குகின்றன.

எனினும், நகரங்களில் ஒன்றரை நாள் கணபதியே அதிகம் காணப்படுகிறார். அதற்கான காரணத்தைச் சாஸ்திரத்தில் தேடுவதைவிட வீட்டு நடைமுறையில் தேடுவது பொருத்தமாக இருக்கும். கணபதி வீற்றிருக்கும் நாள்களில் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியே செல்லக்கூடாது, விளக்கு அணையக்கூடாது, காலையும் மாலையும் ஆரத்தி எடுத்து நிவேதனம் படைக்க வேண்டும், வருவோர் அனைவருக்கும் பிரசாதம் தர வேண்டும். கணவனும் மனைவியும் பணிக்குச் செல்லும் சிறிய அடுக்குமாடி வீட்டில் இதைப் பத்து நாள்களுக்குச் செய்வது எளிதன்று. அதிலும் சமையலறைப் பொறுப்பு முழுவதும் இன்றும் பெரும்பாலும் பெண்களையே சார்ந்துள்ளது என்பதை இந்த விழாவைக் கொண்டாடும் கட்டுரைகள் அதிகம் பேசுவதில்லை.

பலகை அனுப்புவதில் தொடங்கும் விழா

கொங்கண் கடலோரக் கிராமங்களில் விழாவின் முதல் அடி, சதுர்த்திக்குப் பல வாரங்களுக்கு முன்பே எடுத்து வைக்கப்படுகிறது. கணபதி அமரவிருக்கும் மரப்பலகையைக் குடும்பத்தினர் சிற்பியின் பட்டறையில் கொண்டுபோய்க் கொடுப்பர். தலைமுறைகளாக ஒரே பலகை, ஒரே சிற்பிக் குடும்பம் என்பதும் உண்டு. பலகையின் அளவே சிலையின் அளவையும் ஓரளவு தீர்மானித்துவிடுவதால், ஆண்டுக்கு ஆண்டு சிலை உயர்ந்துகொண்டே போகும் போட்டி இங்கே எழுவதில்லை.

சதுர்த்தியன்றோ அதற்கு முந்தைய நாளோ சிலையை வீட்டுக்கு எடுத்து வரும்போது அதன் முகத்தைத் துணியால் மூடியிருப்பர். வாசலில் சிலையைச் சுமந்து வருபவரின் கால்களில் நீரும் பாலும் ஊற்றி, சோறு அல்லது ரொட்டித் துண்டைச் சுற்றித் திருஷ்டி கழித்து, ஆரத்தி எடுத்த பிறகே உள்ளே அழைப்பர். பிராணப் பிரதிஷ்டை செய்யப்படும் வரை அது சிலை மட்டுமே. மந்திரங்களுக்குப் பிறகு அதில் இறைவன் எழுந்தருளியதாகக் கொண்டு பதினாறு வகை உபசாரங்கள் நடைபெறும். 21 அறுகம்புல், செம்பருத்தி, பல வகை இலைகளாலான பத்ரி அர்ச்சனை ஆகியவை தமிழக வாசகர்களுக்கும் பழக்கமானவையே. மாலை ஆரத்தியில் பாடப்படும் 'சுக்கர்த்தா துக்கஹர்த்தா' 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சமர்த்த ராமதாசர் இயற்றியதாகப் போற்றப்படுகிறது. ஒரே அடுக்குமாடியில் வசிப்போர் வீடு வீடாகச் சென்று இந்த ஆரத்தியைப் பாடுவதும் உண்டு.

நிவேதனத்தில் முதலிடம் 'உகடிச்சே மோதக்' எனப்படும் ஆவியில் வேகவைத்த மோதகத்துக்கு. நெய்யும் உப்பும் சேர்த்த கொதிநீரில் அரிசி மாவைக் கிளறி, மூடி வைத்து, சூடு ஆறுவதற்குள் பிசைந்து, தேங்காய்-வெல்லப் பூரணத்தை உள்ளே வைத்து மூடுவர். நமது பூரணக் கொழுக்கட்டையிலிருந்து அதை வேறுபடுத்துவது மடிப்புகள். கிண்ணம்போல் செய்த மாவின் விளிம்பை விரல் நுனியால் கிள்ளிக் கிள்ளி, அனைத்து மடிப்புகளையும் உச்சியில் ஒரு கூம்பாகச் சேர்க்க வேண்டும். மடிப்பின் எண்ணிக்கை கூடக்கூடச் செய்தவரின் கைத்திறன் பேசப்படும். தக்காணப் பீடபூமியை ஒட்டிய மாவட்டங்களில் எண்ணெயில் பொரித்த மோதகமே வழக்கம். உலர்ந்த கொப்பரை, பேரீச்சை, கசகசா, கற்கண்டு, திராட்சை ஆகிய ஐந்தும் சேர்ந்த 'பஞ்சகாத்யம்' இன்னொரு பிரசாதம். மராத்தியில் இவை ஐந்தின் பெயர்களும் 'க' வரிசை ஒலியிலேயே தொடங்குகின்றன.

அடுத்த நாள் ரிஷி பஞ்சமி. மாடு பூட்டி உழாத நிலத்தில் விளைந்த கீரை, கிழங்கு, காய்களைக் கொண்டு ஒரே கூட்டாகச் சமைப்பது அன்றைய வழக்கம். ஒன்றரை நாள் கணபதி அன்று பிற்பகலிலோ மாலையிலோ விடைபெறுவார்.

இந்த ஒன்றரை நாளுக்காகவே மும்பையிலிருந்து லட்சக்கணக்கானோர் ரத்னகிரி, சிந்துதுர்க் மாவட்டங்களில் உள்ள பூர்விக வீடுகளுக்குப் புறப்படுகின்றனர். சகோதரர்கள் தனித்தனியே பிரிந்து வாழ்ந்தாலும் குடும்பத்துக்கு ஒரே கணபதி, அதுவும் மூதாதையர் வீட்டில் என்ற வழக்கம் பல குடும்பங்களில் நீடிப்பதே இதற்குக் காரணம். சில குடும்பங்களில் சகோதரர்கள் ஆண்டுக்கு ஒருவராக முறை வைத்துக்கொள்வதும் உண்டு. 2025-ஆம் ஆண்டு விழாவுக்காக ரயில்வே அறிவித்த சிறப்பு ரயில் சேவைகளின் எண்ணிக்கை 380. அதற்கு முந்தைய ஆண்டில் அது 358 ஆக இருந்தது.

மகளாக வரும் கௌரி

ஐந்து, ஆறு அல்லது ஏழாம் நாளில் ஏராளமான வீட்டுக் கணபதிகள் ஒன்றாகக் கரைக்கப்படுவதை மும்பைச் செய்திகளில் காணலாம். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாள் மாறுவது ஏன் என்ற குழப்பம் பலருக்கு எழுவதுண்டு. அதற்கு விடை கௌரியிடம் உள்ளது.

கணபதி திதியைப் பின்பற்றி வருகிறார்; கௌரியோ நட்சத்திரத்தைப் பின்பற்றி வருகிறார். அனுஷத்தில் வருகை, கேட்டையில் பூஜை, மூலத்தில் விடைபெறுதல் என மூன்று நாள்கள். கேட்டையின் வடமொழிப் பெயரான ஜேஷ்டாவைக் கொண்டே அவரை 'ஜேஷ்டா கௌரி' என்கின்றனர். திதியும் நட்சத்திரமும் ஆண்டுதோறும் ஒரே விதமாக இணைவதில்லை என்பதால், கௌரி விடைபெறும் நாளும் முன்பின்னாக அமைகிறது. கௌரி வரும் வீடுகளில் பெரும்பாலும் கணபதியையும் அவருடனேயே வழியனுப்பி வைக்கின்றனர்.

கௌரியின் உருவம் பகுதிக்குப் பகுதி மாறுகிறது. கொங்கணின் சில பகுதிகளில் காசித்தும்பை போன்ற செடிகளை வேரோடு எடுத்துக் கட்டி, சேலை உடுத்திக் கௌரியாக வைப்பர். சில சமூகத்தினர் நீர்நிலையிலிருந்து எடுத்து வந்த கூழாங்கற்களையே கௌரியாக வழிபடுகின்றனர். விதர்பா, மராத்வாடா பகுதிகளில் 'மகாலட்சுமி' என்ற பெயரில் மூத்தவர், இளையவர் என இருவர் வருவர். தாங்கிகளின் மேல் முகங்களைப் பொருத்தி, பட்டுச் சேலையும் நகைகளும் அணிவித்து நிறுத்தப்படும் அந்த உருவங்கள் ஆளுயரத்துக்கு இருப்பதும் உண்டு. இந்த முகங்களைக் கரைப்பதில்லை. துடைத்துப் பத்திரப்படுத்தி அடுத்த ஆண்டு மீண்டும் எடுக்கின்றனர்.

வாசலிலிருந்து பூஜை இடம் வரை பாதச் சுவடுகளைக் கோலமாக வரைந்து, அவற்றின் மீதே கௌரியை அழைத்து வருவர். ஒவ்வோர் அறை வாசலிலும் நிறுத்தி, செல்வம், தானியம், மக்கட்பேறு என எதைக் கொண்டு வந்தார் என்று கேட்டுப் பதில் சொல்லும் வழக்கமும் உள்ளது. புகுந்த வீட்டிலிருந்து தாய்வீட்டுக்கு மூன்று நாள் விருந்தாக வந்த மகளாகவே கௌரி கருதப்படுகிறார். முதல் நாள் எளிய உணவு, இரண்டாம் நாள் பூரண போளியும் பதினாறு காய்கறிகளும் கொண்ட பெருவிருந்து. கடலோரத்தில் சில சமூகத்தினர் கௌரிக்கு அசைவம் படைக்கின்றனர். இந்து வீட்டு விழா என்றாலே சைவ உணவு என்ற பொதுவான எண்ணத்துக்கு இது மாறானது.

மூன்றாம் நாள் மகளை அனுப்பும் துக்கம் வீட்டில் இருக்கும். கணபதியை அனுப்பும்போது மேளம் கொட்டும் குடும்பங்களும் கௌரியை அனுப்பும்போது அமைதியாகிவிடுகின்றன.

கோவாவில் இலையும் காகிதமும்

வீட்டுக்குள் நடைபெறும் விழா எவ்வளவு உறுதியானது என்பதற்குக் கோவா ஒரு சான்று. போர்ச்சுகீசிய ஆட்சியில் 1560-இல் தொடங்கிய மதவிசாரணை, இடையில் சிறிது காலம் நின்று, 1812 வரை நீடித்தது. இந்துக்களின் வழிபாட்டுக்குத் தடைகள் விதிக்கப்பட்ட அக்காலத்தில், சிலை வைத்தால் வெளியே தெரிந்துவிடும் என்பதால் இலைகளையே கணபதியாகப் பாவித்தும், காகிதத்தில் வரைந்த படத்தை வைத்தும் குடும்பங்கள் சதுர்த்தியைக் கொண்டாடியதாகக் கோவா மக்கள் கூறுகின்றனர். தடை அகன்று தலைமுறைகள் பல கடந்த பின்னும் சில குடும்பங்கள் மண் சிலைக்குத் திரும்பவில்லை. இன்றும் அவர்களது வீடுகளில் இலைக் கணபதியும் காகிதக் கணபதியுமே பூஜிக்கப்படுகின்றனர்.

கோவா வீடுகளில் சிலைக்கு மேலே 'மாட்டோளி' என்ற மரச்சட்டத்தைத் தொங்கவிட்டு, மழைக்காலக் காட்டில் கிடைக்கும் காய், கனி, பூ, வித்துகளைக் கட்டி அலங்கரிப்பர். எந்தக் காட்டுக் காய் எங்கே கிடைக்கும் என்ற அறிவை வீட்டுப் பிள்ளைகள் பெறுவது இந்தத் தேடலின்போதுதான்.

மண்ணின் இடத்தில் பிளாஸ்டர் வந்த கதை

வீட்டு வழிபாடாக இருந்ததைப் பொது மேடைக்குக் கொண்டுவரும் முயற்சிக்கு 1893-இல் பால கங்காதர திலகர் பெரும் ஊக்கமளித்தார். பொதுச் சிலைகள் வளர வளர, களிமண்ணைவிட எடை குறைந்த, உடையாத, விரைவில் உருவாகும் பொருள் தேவைப்பட்டது. நாளடைவில் வீட்டுச் சிலைகளும் அதே பொருளுக்கு மாறின.

ஜிப்சம் என்ற தாதுவைச் சுமார் 150 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சூடாக்கினால் அதிலுள்ள நீரில் முக்கால் பங்கு வெளியேறி வெண்ணிறப் பொடியாகிறது. அதுவே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். நீர் சேர்த்து அச்சில் ஊற்றினால் அரை மணி நேரத்துக்குள் இறுகி மீண்டும் ஜிப்சமாகிவிடும். குஜராத்திலிருந்து வரும் 'ஷாடு' களிமண்ணில் செய்த சிலையோ மழைக்காலத்தில் காய்வதற்கே பல நாள்கள் எடுக்கும், கனமும் அதிகம், கையாளும்போது உடையவும் கூடும். மறுபுறம், நீரில் வைத்த ஷாடு மண் சிலை சில மணி நேரத்தில் குழைந்துவிடும். ஜிப்சமோ ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ இரண்டு கிராம் மட்டுமே கரையும். கடற்கரையில் மறுநாள் காலை கை, கால், தும்பிக்கை என ஒதுங்கிக் கிடக்கும் துண்டுகளுக்கு இதுவே காரணம். சிலை மீது பூசப்படும் ரசாயன வண்ணங்கள் தனிப் பிரச்னை.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 மே 12-ஆம் தேதி வெளியிட்ட திருத்திய வழிகாட்டுதல்களில் பிளாஸ்டர் சிலைகளுக்குத் தடை விதித்தது. கரோனா காலம் என்பதாலும், ஏற்கெனவே செய்யப்பட்ட சிலைகள் தேங்கும் என்பதாலும் அது உடனே நடைமுறைக்கு வரவில்லை. தமிழகத்தில் பிளாஸ்டர் சிலை விற்பனைக்கு 2023-இல் உயர் நீதிமன்றம் விதித்த தடையில் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்தது. மகாராஷ்டிரத்தில், வழிகாட்டுதல்களைக் கண்டிப்புடன் பின்பற்றுமாறு 2025 ஜனவரி இறுதியில் மும்பை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது சிற்பிகள் கடும் எதிர்ப்புத் தெரிவித்தனர்.

அவர்களது அச்சம் நியாயமற்றதன்று. ராய்கட் மாவட்டத்தின் பேண் நகரமும், அதையொட்டிய ஹம்ராபூர், ஜோஹே போன்ற கிராமங்களும் ஆண்டு முழுவதும் கணபதி சிலை செய்தே பிழைக்கின்றன. இங்கிருந்து வெளிநாடுகளுக்கும் சிலைகள் செல்கின்றன. ஓர் ஆண்டுக்கான சிலைகளின் பெரும்பகுதி விழாவுக்குப் பல மாதங்களுக்கு முன்பே வார்க்கப்பட்டுவிடும் நிலையில், ஒரே உத்தரவில் பொருளை மாற்றுவது அவர்களால் இயலாது. நிபுணர் குழு அறிக்கைக்குப் பின் 2025 ஜூன் 9-ஆம் தேதி நிலைமை மாறியது. பிளாஸ்டர் சிலைகளைச் செய்யவும் விற்கவும் நீதிமன்றம் அனுமதித்தது. அனுமதியின்றி இயற்கை நீர்நிலைகளில் கரைக்கக் கூடாது என்றும் தெரிவித்தது. ஜூலை உத்தரவு அதன் தொடர்ச்சியே. மும்பை மாநகராட்சி அந்த ஆண்டு ஏறத்தாழ 290 செயற்கைக் குளங்களை அமைத்ததோடு, சிற்பிகளுக்கு ஷாடு மண்ணை இலவசமாகவும் வழங்கியது.

ஆக, செய்பவரையும் விற்பவரையும் விட்டு, பொறுப்பு வாங்குபவரின் வாசலுக்கு வந்து நிற்கிறது. இது பாதித் தீர்வே. விலை குறைவாகவும் எடை குறைவாகவும் உள்ள சிலை கடையில் கிடைக்கும் வரை பல குடும்பங்கள் அதையே வாங்கும். ஓடும் நீரில் விட வேண்டியதைத் தொட்டியில் விடுவதா என்ற மனக்குறையும் அவர்களிடமே தங்கும்.

விடைபெறுதல் வீட்டிலேயே முடிகிறது

இந்த மனக்குறைக்கு வழிபாட்டு முறையிலேயே ஒரு பதில் உண்டு. சிலை வீட்டைவிட்டுப் புறப்படுமுன் 'உத்தர பூஜை' செய்யப்படுகிறது. தயிரும் அவலும் படைத்து, கணபதியின் கையில் சிறிது தயிர் வைத்து, அட்சதை தூவி, சிலையை இருந்த இடத்திலிருந்து மெல்ல அசைத்து வைப்பர். வரவழைக்கப்பட்ட இறைவன் விடைபெற்றுவிட்டதாக அந்தக் கணத்திலேயே கருதப்படுகிறது. அதற்குப் பின் நீருக்குச் செல்வது உருவம் மட்டுமே. 'கணபதி பாப்பா மோர்யா, புட்ச்யா வர்ஷி லவ்கர் யா' என்று அடுத்த ஆண்டு விரைந்து வருமாறு வேண்டி எழும் முழக்கம் கடலோரத்துக்கு முன்பே வீட்டு வாசலில் ஒலித்துவிடுகிறது. இதைச் சுட்டிக்காட்டியே, கடல், குளம், தொட்டி என்ற வேறுபாடு பூஜையின் பலனைக் குறைக்காது என்று வாதிடுவோர் உள்ளனர். இயற்கை நீர்நிலையே மரபு என்று வலியுறுத்துவோரும் உள்ளனர்.

புணேயில் வாளியிலேயே கரைக்கும் வழக்கம் பல ஆண்டுகளாகப் பரவி வருகிறது. ஷாடு மண் சிலையாக இருந்தால் வாளி நீரே போதும். பிளாஸ்டர் சிலைக்கு, புணேயில் உள்ள தேசிய வேதியியல் ஆய்வகம் ஒரு முறையை உருவாக்கியுள்ளது. சமையல் சோடாவின் உறவுப்பொருளான அம்மோனியம் பைகார்பனேட்டை, சிலையின் எடைக்கு ஏறத்தாழச் சமமான அளவில் நீரில் கரைத்துச் சிலையை அதில் இட்டு, அவ்வப்போது கிளற வேண்டும். சிறிய சிலைகள் ஓரிரு நாளில் கரைந்து, அடியில் சுண்ணாம்புப் படிவும் மேலே அம்மோனியம் சல்ஃபேட் கரைசலும் கிடைக்கும். பின்னது உரம், நீர்த்த பின் செடிகளுக்கு ஊற்றலாம். அம்மோனியா நெடி எழும் என்பதால் இதை மூடிய அறையில் செய்யாமல் மாடத்திலோ திறந்த வெளியிலோ செய்வது நல்லது. புணே மாநகராட்சி இந்த ரசாயனத்தை மக்களுக்கு இலவசமாக வழங்கியுள்ளது.

உலோகக் கணபதியை வைத்துப் பூஜித்து, அதன் முன் வைத்த கொட்டைப்பாக்கை மட்டும் நீரில் விடும் குடும்பங்களும் உள்ளன. வாளியில் கரைந்த ஷாடு மண்ணைச் சேகரித்து, உலர்த்தி, மீண்டும் சிற்பிகளிடமே ஒப்படைக்கும் பணியில் புணேயின் தன்னார்வ அமைப்புகள் ஈடுபட்டுள்ளன. அந்த மண்ணிலிருந்தே அடுத்த ஆண்டுக்கான சிலைகள் செய்யப்படுகின்றன. ஆற்றங்கரையிலோ கடற்கரையிலோ கரைத்து முடித்ததும் வெறும் பலகையைத் தூக்கி வராமல், அதன் மேல் ஒரு கைப்பிடி மணலை வைத்து வீட்டுக்கு எடுத்து வருவது மகாராஷ்டிரத்தின் பழைய வழக்கம். வாளியில் கரைக்கும் வீடுகள் சில, கரைந்த மண்ணில் ஒரு கைப்பிடியை எடுத்து அதே பலகையில் வைத்துக்கொள்கின்றன.